இரண்டாம் சனிக்கிழமை மேடம்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் அவர் குடை வாங்கியதைக் கூடவே நின்று பார்த்திருக்கிறேன். அரை மணி நேரம் ஆனது. கடைக்காரர் பிளாஸ்டிக் உறையோடு ஒன்றை எடுத்து நீட்டினார். "தொறந்து காட்டுங்க" என்றார் இவர். திறந்து காட்டினார். "இன்னொரு வாட்டி." மறுபடி காட்டினார். பிறகு தானே கையில் வாங்கி, மூடி, திறந்து, தெருவில் இறங்கி வெயிலுக்கு நேராக விரித்துப் பிடித்து, துணியில் எங்கேயாவது பொட்டு ஓட்டை தெரிகிறதா என்று அண்ணாந்து பார்த்தார். "கம்பெனி ஐட்டம் மேடம், புது மாலு" என்று கடைக்காரர் அழாத குறையாகச் சொன்னார். "கம்பெனியா மழையில நனையப் போவுது? நான்தான நனையப் போறேன்" என்றார். மூன்றாவது குடையைத்தான் வாங்கினார். எனக்கு மானம் போயிற்று. அவரோடு வந்தவன் இல்லை என்பதுபோல் பக்கத்து ஜூஸ் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியின் நூலகர். நான் விழுப்புரத்தில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் நூலகர். நடுவில் ஒரு மணி நேர பஸ் தூரம். அந்தத் தூரம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கக் கூடாதா என்று நான் பல மாதங்கள் ஏங்கியிருக்கிறேன். என் பள்ளியில் வாட்ச்மேன் முதல் பிரின்சிபால் வரை அவரை 'ரெண்டாம் சனிக்கிழமை மேடம்' என்றுதான் சொல்வார்கள். பெயரை நானும் இங்கே போடவில்லை. போட்டால், "எதுக்கு சார் என் பேரு? விஷயத்த எழுதுங்க" என்பார்.

எதையும் திறந்து பார்க்காமல் நம்ப மாட்டார். பஸ்ஸில் அவித்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, வாங்கினால்கூட ஒவ்வொன்றாகப் பிரித்து, பருப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். அவர் கல்லூரிக்கு ஒருமுறை பார்வையிட ஒரு குழு வந்திருந்தது. நூலகத்தில் சுவரில் சிவப்பாகத் தொங்கிய தீயணைப்பு உருளையைக் காட்டி முதல்வர் பெருமையாக ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவர் அதைக் கழற்றிக்கொண்டு போய் வராந்தாவில் வைத்து ஊசியை இழுத்துப் பிடியை அமுக்கிவிட்டார். ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் வந்தது. அவ்வளவுதான். முதல்வருக்கு முகம் செத்துப்போனது. "நேத்துதான் மேடம் கம்பெனிக்காரங்க வந்து சீட்டுல கையெழுத்துப் போட்டாங்க, நல்லாயிருக்குதுன்னு" என்றாராம். "அதான் சார், சீட்டு நல்லா இருக்குது" என்றாராம் இவர்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். தென்னாற்காட்டைப் பிரித்து விழுப்புரத்தைத் தனி ஜில்லாவாக்கிய 1993-ல் வந்ததாம். ஊர் ஊராக லாரியில் கோப்புகள் போய்வந்துகொண்டிருந்த நேரம். அந்தப் போக்குவரத்தில் இவருடைய பணிப்பதிவேடு காணாமல் போனது. எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். அவர்களும் பாவம், மலை மாதிரி கட்டுகள் வந்து இறங்கினால் என்ன செய்வார்கள்? ஓர் ஆபீஸின் பட்டியலில் 'அனுப்பப்பட்டது' என்று டிக். இன்னோர் ஆபீஸின் பட்டியலில் 'பெறப்பட்டது' என்று டிக். பதிவேடு மட்டும் இரண்டு இடத்திலும் இல்லை. ஒன்றரை வருஷம் அலைந்து, கடைசியில் அனுமதி வாங்கிக்கொண்டு தானே அந்தக் கிடங்கில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாகப் பிரித்தார். மாட்டாஸ்பத்திரிக் கோப்புகளுக்கு நடுவே கிடைத்தது.

"டிக் அடிச்சவரு ரொம்ப நல்ல மனுஷன் சார்" என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. "நான் தூசியில உக்காந்து தேடிக்கினு இருக்கறத பாத்துட்டு டீ வாங்கியாந்து குடுத்தாரு. அவரு யாரையும் ஏமாத்தல. கட்ட பிரிச்சு பாக்கல, அவ்ளோதான்."

கேட்டுச் சிரித்தேன். நல்ல கதை என்று நினைத்தேன். என்னைப் பற்றியும் அது ஒருநாள் பேசும் என்று அப்போது தெரியாது.

கம்ப்யூட்டர் நூலகங்களுக்குள் நுழைந்து, படம் பிடித்துக் குறுந்தகட்டில் போட்டு வைக்கலாம் என்று எல்லோரும் பேசத் தொடங்கிய நேரத்தில், விக்கிரவாண்டிக்கு இந்தப் பக்கம் நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும் ஒரு கிறிஸ்தவக் கிராமத்திலிருந்து உபதேசியார் ஒருவர் மேடத்தைத் தேடி வந்தார். கோயிலில் பூசை வைப்பது சாமியார். மற்ற எல்லாவற்றையும் ஓட்டுவது உபதேசியார். அவர் மடியில் துணி சுற்றிய மூட்டை ஒன்று இருந்தது. கோயிலின் அடக்கப் புத்தகம். எந்தத் தேதியில் யார் இறந்தார், என்ன நோய், கல்லறைத் தோட்டத்தில் எந்த வரிசையில் எத்தனையாவது குழி என்று பல சாமியார்கள் கையால் எழுதி வைத்தது. கரையான் ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வந்திருந்தது.

மேடம் உடனே என்னைக் கூப்பிட்டார். எங்கள் பள்ளியில் பழைய பாடப் புத்தகங்கள் நிறைய இருந்தன. அவர் கல்லூரியில் அந்தக் காலத்து விவசாயக் குறிப்பேடுகள் இருந்தன. கோயிலில் இந்தப் பதிவேடுகள். கல்யாண ஸ்டூடியோ ஒன்றில் கேமராவை இரவல் வாங்கி, மூன்று இடத்துப் பொருளையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தோம். அடக்கப் புத்தகத்தைப் படம் பிடித்த அன்றைக்குப் பக்கம் புரட்டியவன் நான்தான். பதினான்கு தகடுகள் ஆயின. அதையே மூன்று செட் போட்டு, மூன்று எவர்சில்வர் சம்படங்களில் வைத்து இறுக்க மூடி, இடத்துக்கு ஒன்றாகக் கொடுத்தார். கரையான் சம்படத்தைத் தின்னாது என்பது அவர் கணக்கு.

"ஒரு எடத்துல எரிஞ்சா இன்னோரு எடம். ரெண்டு எடம் போனா மூணாவது. ஆனா ஒண்ணு சார், வெச்சுட்டு மறந்துட்டா அது குப்பை" என்றார்.

அதற்காக ஒரு சட்டமும் போட்டார். மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை, ஒவ்வொருவரும் சம்படத்தைத் திறந்து அடுத்தவர் இடத்துத் தகடுகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். தன்னுடையதை இல்லை. "நம்ம பொருள்னா நமக்கு மனப்பாடம், பாக்காமலே பாத்தமாதிரி இருக்கும். அடுத்தவங்களதுன்னாதான் கண்ணு தொறந்து பாப்போம்." எத்தனை பக்கம் திறந்தது, கடைசிப் பக்கத்தில் கடைசிச் சொல் என்ன என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை அப்படியே அஞ்சலட்டையில் எழுதி மற்ற இரண்டு பேருக்கும் அனுப்ப வேண்டும். பார்க்க முடியாமல் போனால் 'பார்க்கவில்லை' என்று எழுத வேண்டும். அதற்குத் திட்டு கிடையாது. மேடம் யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்வார், அல்லது தானே பஸ் ஏறிவிடுவார்.

இரண்டாம் சனி என்றால் ஊருக்கெல்லாம் லீவு. எனக்கு மட்டும் சம்படமும் தகடும். நானும் ஒன்றரை வருஷம் ஒழுங்காகப் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. பிறகு ஒரு மாதம் சித்தி பெண் கல்யாணம் வந்தது. 'பார்க்கவில்லை' என்று எழுதினால் மறுநாளே குடையும் கையுமாக வந்து நிற்பாரே என்று, போன மாதம் எழுதியதைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டேன். பக்கம் என்ன, கூடவா குறையவா போகிறது? கடைசிச் சொல் மாறிவிடவா போகிறது? அஞ்சலட்டை போயிற்று. ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாதம் காரணமே இல்லாமல் அப்படிச் செய்தேன். பதினொரு மாதம் அப்படியே ஓடியது. சம்படம் ஜன்னலோரத்து அலமாரி மேல் இருந்தது. மேற்கு வெயில் நேராக அதன்மேல் விழும். கையை வைத்தால் சுடும். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இதற்கிடையே நாலுவழிச் சாலை வந்தது. திண்டிவனத்திலிருந்து இறங்கி வரும் ரோட்டை அகலப்படுத்திக்கொண்டே வந்தவர்கள், அந்தக் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தின் முன்பக்கத்திலும் எல்லைக் கல் நட்டுவிட்டுப் போனார்கள். முதல் இரண்டு வரிசை சாலைக்குள் போகிறது. அந்த வரிசைகளில் இருப்பவர்களின் குடும்பங்கள் வந்து இடத்தைக் காட்டினால், எடுத்துப் பின்பக்கம் புதைத்துவிடலாம் என்று கோயிலில் அறிவித்தார்கள். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கப்புறம் இயந்திரம் வந்துவிடும்.

சிமெண்டில் கல்லறை கட்டியவர்களுக்குக் கவலை இல்லை. மரச் சிலுவை நட்டவர்களின் பாடுதான் பேஜாரு. அப்படி ஒரு அம்மா இருந்தாள். விக்கிரவாண்டி பக்கம் ரோட்டோர ஓட்டலில் சமையல் கட்டில் வேலை. ஜில்லா பிரிந்த வருஷம் அவளுடைய முதல் பிள்ளை, ஐந்து மாதப் பெண் குழந்தை, காய்ச்சலில் போய்விட்டது. அப்போது இவள் ஜன்னி கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அடக்கத்தைப் பார்க்கவே இல்லை. புதைத்துவிட்டு வந்த புருஷனும் இப்போது இல்லை. சிலுவை எப்போதோ மக்கிப்போனது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் தோட்டத்து வாசலில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுவாள், எந்தக் குழி என்று தெரியாததால். தன் பிள்ளை சாலைக்கு அடியில் போகிறதா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அவள் உபதேசியாரைப் பிடித்துக்கொண்டாள்.

அடக்கப் புத்தகத்தைக் கரையான் முடித்திருந்தது. "அதான் காப்பி இருக்குதே" என்ற தைரியத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. காப்பி இருந்த சம்படம், மாற்றலாகிப் போன பழைய சாமியாரின் புத்தகப் பெட்டிகளோடு எங்கேயோ போய்விட்டது. அதை அந்த மாதமே உபதேசியார் நேர்மையாக அஞ்சலட்டையில் எழுதியிருந்தார்: 'சம்படத்தைக் காணோம்.' மேடம் தன் செட்டிலிருந்து புதிதாக ஒன்று போட்டுத் தர இருந்தார். அதற்குள் அவருடைய அக்காவுக்கு ஆபரேஷன். 'விடுப்பு. பார்க்கவில்லை' என்று நோட்டில் எழுதிவிட்டு ஊருக்குப் போனார்.

அவர் ஊரில் இல்லாத அந்த நாட்களில்தான் சரஸ்வதி பூஜை வந்தது. கல்லூரி நூலகத்தைப் பெருக்கித் துடைக்கும் ஆயாவுக்கு மேடம் என்றால் உயிர். மேடம் மாதாமாதம் சாமி சிலையை எடுப்பதுபோல் எடுத்து வைக்கும் தகடுகளைப் பூஜையில் வைக்காமல் விடலாமா? பதினான்கையும் எடுத்து, முகம் தெரிகிற பளபளப்புப் பக்கத்தில் சந்தனம் தடவிக் குங்குமம் இட்டு, பூ வைத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடவில்லை. விஜயதசமி அன்று காய்ந்த சந்தனத்தைப் போக்க, பூஜைப் பாத்திரங்களோடு சேர்த்துத் தகடுகளையும் தேங்காய் நாரும் பாத்திரம் துலக்கும் பொடியும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் உலர்த்தி, துடைத்துச் சம்படத்தில் அடுக்கினார். திரும்பி வந்த மேடம் திறந்து பார்த்தபோது பதினான்கும் பால் கோவா டப்பாவின் அடிபோல் தேய்ந்திருந்தன.

எனக்குப் போன் வந்தது.

"சார், நம்ம சம்படம் எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது மேடம்."

"அட்டையில பாத்தேன். போன மாசம் அடக்கப் புத்தகம் மொத்தமும் தொறந்துச்சுன்னு எழுதியிருந்தீங்க. அத நம்பித்தான் தைரியமா ஊருக்குப் போனேன். நாளைக்குக் காலையில அந்தம்மாவ கூட்டிக்கினு வர்றேன்."

போனை வைத்ததும் ஓடிப்போய்ச் சம்படத்தை இறக்கினேன். பாடப் புத்தகத் தகடு திறந்தது. விவசாயக் குறிப்பேடு திறந்தது. சாமி கும்பிட்டுக்கொண்டே அடக்கப் புத்தகத் தகட்டைப் போட்டேன். கர்ர்ர் என்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. தகட்டைச் செருகச் சொல்லிக் கேட்டது கம்ப்யூட்டர். உள்ளேதானே இருக்கிறது, சனியனே என்று அதைத் திட்டினேன். பத்து தடவை போட்டேன்.

மறுநாள் காலை வந்தார்கள். அந்தம்மா ஓட்டலிலிருந்து நேராக வந்திருந்தாள், சேலையில் வெங்காய வாசம் போகவில்லை. 'நேற்று வரைக்கும் திறந்தது மேடம், இன்றைக்குத்தான் ஏனோ' என்று சொல்வதாகத்தான் நான் முடிவு செய்து வைத்திருந்தேன். யார் என்ன செய்துவிட முடியும்? மேஜைமேல் நோட்டு இருந்தது. அந்தம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பாள் போலிருக்கிறது. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாசாமாசம் சாரு பாத்துக்கினே வந்திருக்காரு மேடம். கையெழுத்துப் போட்டிருக்காரு பாருங்க. அப்போ என் பாப்பா இருக்குது" என்றாள். என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

அந்தக் கையைப் பார்த்தபின் என்னால் முடியவில்லை.

"நான் பாக்கலம்மா" என்றேன். "பதினோரு மாசமா பாக்கல. பாத்தமாதிரி எழுதினேன். இப்போ தொறக்க மாட்டேங்குது."

மேடம் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பாக்கலைன்னு எழுதியிருந்தீங்கன்னா அடுத்த பஸ்ஸ புடிச்சு நான் வந்து பாத்திருப்பேன் சார். பாத்தேன்னு எழுதிட்டீங்க. அதுக்கு மேல நான் எங்க வந்து பாக்கறது?"

அந்தம்மா கூப்பிய கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். மேடம் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. "அழுவறதுக்கு அப்பறம் டைம் இருக்குது. அந்தத் தகட எடுங்க, ஜல்தி" என்று எழுந்துவிட்டார்.

அன்றைக்கு விழுப்புரத்தில் நாங்கள் ஏறாத படி இல்லை. பள்ளியின் மூன்று கம்ப்யூட்டர். ஸ்டேஷன் ரோட்டில் கல்யாண வீடியோக் கடை. இரண்டு டி.டி.பி. சென்டர். ஒரு பிரவுசிங் சென்டரில் எல்லா மிஷினிலும் போட்டுப் பார்த்தோம். கடைக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். "செத்துப்போச்சு மேடம், தூக்கிப் போடுங்க" என்றான் ஒருவன். "உன் மிஷினு சொல்றத சொல்லு, நீயா சொல்லாத" என்றார் மேடம். மத்தியானம் மூன்று பேரும் பஸ் ஏறித் திண்டிவனம் போனோம். அவர் கல்லூரியில் உதவாது என்று தள்ளுபடி செய்து எழுதிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றை, காயலான் கடைக்குக் கொடுக்க விடாமல் மேஜைக்கு அடியில் வைத்திருந்தார். அதற்காக எல்லோரிடமும் கேலிப் பேச்சு வாங்கியவர். மாதாமாதம் அதையும் ஓட்டிப் பார்ப்பார். அதில் இருந்த தகடு படிக்கும் கருவி மகா மெதுவானது. தகட்டை ஈரத்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்து, உள்ளே தள்ளினார்.

வெகுநேரம் சுற்றியது. பிறகு, அப்பாடா, பட்டியல் வந்தது.

ஒவ்வொரு பக்கமாக இழுத்தோம். ஒன்று வந்தது. இரண்டு வந்தது. ஐந்தாவது வரவில்லை. அதை விட்டுவிட்டு ஆறாவது. பத்து பக்கத்துக்கு மூன்று பக்கம் செத்திருந்தது. "ஜில்லா பிரிஞ்ச வருஷம், கார்த்திகையில, மழை ஊத்திக்கினு இருந்துச்சு" என்று அந்தம்மா அடையாளம் சொல்லிக்கொண்டே இருந்தாள். சாயந்திரம் அந்தப் பக்கம் வந்தது. திரையில் மேலிருந்து கீழாக, ஒரு வரி, ஒரு வரியாக இறங்கியது. 'சகாயமேரி. வயது ஐந்து மாதம். காய்ச்சல்.' தகப்பன் பெயர். தாய் பெயர். அந்தம்மா தன் பெயரை அடையாளம் கண்டு திரையில் விரலை வைத்தாள். அடுத்த வரி: 'முதல் வரிசை, தெற்கிலிருந்து'. அதற்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறம். திரும்பத் திரும்ப இழுத்தோம். ஆறு மணி வரைக்கும் இழுத்தோம். அந்தச் சாம்பல் மட்டும் விலகவே இல்லை.

"மொத வரிசையா" என்றாள் அவள். சாலைக்குள் போகிற வரிசை.

நான் பார்க்காமல் விட்ட மாதங்களில் ஏதோ ஒன்றில் அந்தத் தகடு கெட ஆரம்பித்திருக்கும். அப்போதே திறந்து பார்த்து, மேடத்தின் செட்டிலிருந்து புதிதாகப் போட்டிருந்தால் இந்தச் சாம்பல் இருந்திருக்காது. கணக்குப் போடத் தெரிந்த யாருக்கும் இது புரியும். எனக்கு நன்றாகவே புரிந்தது.

கல்லறைத் திருநாளுக்கு மூன்று நாள் முன்னால் தோட்டத்தில் கூடினோம். முதல் வரிசையின் தெற்குக் கோடியில் சிலுவை இல்லாத சின்ன மேடுகள் ஏழு இருந்தன. புதுச் சாமியார் இளைஞர். தயங்கினார்.

"எதுன்னு தெரியாம எப்படிம்மா எடுக்கறது?"

அந்தம்மா என் பக்கம் திரும்பினாள். "சார், போட்டோ புடிச்ச அன்னிக்கு நீங்கதான் பக்கம் புரட்டினீங்களாம், மேடம் சொன்னாங்க. எதுனா ஞாபகம் வருதா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நம்பிக் கேட்டாள். "இல்லம்மா" என்றேன். "படிக்காமதான் புரட்டினேன்."

அவள் ஏழு மேட்டையும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வந்தாள். "ஏழு குழியையும் எடுங்க சாமி" என்றாள்.

"மத்த ஆறு யார் வீட்டுப் பிள்ளைங்களோம்மா."

"யார் வீட்டுதா இருந்தா என்ன சாமி? வண்டி ஓடற ரோட்டுக்கு அடியில உட்டுட்டா போறது? எல்லாத்துக்கும் நான் அம்மான்னு எழுதிக்குங்க."

உபதேசியார் ஏழு புதுக் கலயம் வாங்கி வந்திருந்தார். நானும் மண்வெட்டி எடுத்தேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. நிறம் மாறிய மண்தான். ஒன்றில் ஒரு சின்னக் கறுப்பு வளையல் இருந்தது. அவள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "எங்களது இல்ல, நாங்க வளையல் போடல" என்று சொல்லி அதே கலயத்தில் பத்திரமாகத் திருப்பி வைத்தாள். பின்பக்கம் ஏழையும் வரிசையாகப் புதைத்தோம். சாமியார் தீர்த்தம் தெளித்தார்.

அன்றைக்கே மேடம் கோயில் மேஜையில் உட்கார்ந்து புது அடக்கப் புத்தகத்தைத் தொடங்கினார். மீட்ட பக்கங்களிலிருந்து பெயர்களை வரிசையாக எழுதினார். ஏழு குழிகளுக்கு நேரே, 'இவற்றுள் ஒன்று சகாயமேரி. எதுவென்று தெரியவில்லை' என்று எழுதினார். கடைசியில் 'காரணம்' என்று ஒரு கட்டம் போட்டு அதில், 'திண்டிவனம் படி தேய்ந்து அழிந்தது. பொறுப்பு:' என்று தன் பெயரை முழுதாக, தலைப்பெழுத்தோடு எழுதினார்.

"தேய்ச்சது ஆயா மேடம். நீங்க ஊருலயே இல்ல" என்றேன்.

"அவங்க கைக்கு எட்டற எடத்துல, என்ன ஏதுன்னு சொல்லாம வெச்சுட்டுப் போனது யாரு? அவங்க பேர எழுதினா அது பொய்யி சார்."

பிறகு பேனாவை மூடாமல் என் பக்கம் நகர்த்தி வைத்தார். என்னைப் பார்க்கவில்லை, உபதேசியாரிடம் ஏதோ கேட்கத் திரும்பிக்கொண்டார். நான் அந்தக் கட்டத்தில் இரண்டாவது ஆளாக எழுதினேன். 'விழுப்புரம் படி: பதினொரு மாதம் பார்க்காமலே பார்த்ததாக எழுதியவர்' என்று எழுதி என் பெயரைப் போட்டேன். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. சம்படத்தைக் கண் பார்வையில் வைக்காததற்காக உபதேசியாரும் தன் பெயரை எழுதினார்.

அதற்கப்புறம் ஒரு இரண்டாம் சனியும் நான் விட்டதில்லை. மேடமும் அந்த விஷயத்தை எடுத்துப் பேசியதில்லை. என் அட்டையை நம்பினாரா என்று கேட்டால், நம்பினார். ஆனால் விழுப்புரத்தில் ஏதாவது வேலை இருந்தால் பள்ளிக்கு வந்து, "சும்மா வந்தேன் சார், சம்படத்த எடுங்க" என்பார். எனக்குக் கோபம் வராது. திண்டிவனம் பக்கம் வல்லத்தில் ஒரு வாசகசாலை, செஞ்சிப் பக்கம் இன்னொரு கோயில் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். தகடு போய் ஹார்டு டிஸ்க் வந்தது. அவர் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் சென்னையிலிருந்து ஒரு பெரிய ஆராய்ச்சி நூலகம் எங்களோடு சேர முன்வந்தது. எல்லாவற்றையும் தங்கள் சர்வரில் போட்டுக்கொள்வதாகவும், இனிமேல் நாங்கள் யாரும் பார்க்க வேண்டியதில்லை, மிஷினே ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்ளும் என்றும் சொன்னார்கள். "மிஷின் பாக்கட்டும், ரொம்ப சந்தோஷம்" என்றார் மேடம். "நீங்களும் மாசத்துக்கு ஒருநாள் எங்களோடதுல பத்து பக்கத்த கண்ணால பாத்து அட்டை போடுங்க. நாங்களும் போடறோம். அப்போ சேருவோம்." சர்வர் வைத்திருப்பவர்களை அஞ்சலட்டை எழுத வைத்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.

இப்போது அவர் அக்காவோடு திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் இருக்கிறார். அட்டைகளைச் சரிபார்க்கும் வேலை என் தலையில். போன மழைக்காலத்தில் அந்தச் சென்னை நூலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்தவள், குரலில் அத்தனை மரியாதை.

"சார், அந்த அடக்கப் புத்தகத்துல 'காரணம்'னு ஒரு கட்டம் வருது. மூணு பேரோட பேர் இருக்கு. ஆராய்ச்சிக்கு வர்றவங்களுக்கு அது தேவைப்படாது, கொஞ்சம் பர்சனலாவும் இருக்கு. அந்த எடத்த மட்டும் மறைச்சிடட்டுமா?"

ஒரு வார்த்தை 'சரி' என்றால் போதும், எல்லா இடத்துப் படியிலும் போய்விடும்.

"மறைக்காதீங்கம்மா" என்றேன். "ரெண்டாவது பேரு என்னுதுதான். எழுத்து கோணலா இருக்கும், தெளிவா படிக்க வருதான்னு மட்டும் பாத்து சொல்லுங்க."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"வருது சார்" என்றாள். "நல்லா படிக்க வருது."